மருந்தின் விலையும் மனிதனின் கடமையும்

பிணியை இறக்கிய இறைவன் அதற்குரிய மருந்தையும் இறக்கியே இருக்கிறான் என்பது முஸ்லிம்களாகிய நாம் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த செய்தி. நாட்டுப்புறத்து அரபிகள் சிலர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் வைத்தியம் செய்துகொள்ளலாமா என்று வினவியபோது, செய்துகொள்ளும்படியே அவர்கள் விடையளித்ததாக நபிமொழித் தொகுப்புகள் அறிவிக்கின்றன. ஆகவே நோயுற்றவன் மருந்தைத் தேடுவது இறைநம்பிக்கைக்கு மாறானதன்று. அதுவும் இறைவன் வகுத்த வழியே என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை.

ஆனால் அதற்கு அப்பால் ஒரு கேள்வி நிற்கிறது. மருந்து உலகில் உண்டு. நமது ஊர்க் கடையிலும் உண்டு. அதை வாங்கும் சக்தி நோயாளியிடம் இல்லை. அப்படியானால் அந்த மருந்து அவனுக்கு உண்டா, இல்லையா? உண்டு என்றால் அதை அவன் கையில் சேர்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது? இல்லை என்றால், இறைவன் அருளியதற்கும் அவன் அடியானுக்கும் குறுக்கே நிற்பது எது? இந்தக் கேள்வியை இம்முறை நமது பக்கங்களில் எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர், நமது பெரியவர் ஒருவர் சங்க நிர்வாகிகளைத் தனியே அழைத்துப் பேசினார். தோட்டத்துக் கடையில் கணக்கெழுதி நெடுங்காலம் உழைத்தவர், கைநீட்டிப் பழக்கமில்லாதவர். இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகிய மூன்றுக்கும் தனியார் கிளினிக் ஒன்றில் மருந்து வாங்கி வருவதாகவும், பிள்ளை அனுப்பும் பணத்தில் பாதி அதற்கே போய்விடுவதாகவும் சொன்னார். பிறகு தயங்கியவாறு, "தம்பி, இப்போதெல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மாத்திரை போடுகிறேன். ஒரு மாதத்து மருந்து இரண்டு மாதத்துக்கு வருகிறது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. ஒரு சிக்கனக்காரரின் திருப்தியே இருந்தது. அதுதான் நம்மைத் திடுக்கிடச் செய்தது. இரத்தக் கொதிப்பு மருந்தை விட்டுவிட்டு உண்பவருக்கு வலியோ காய்ச்சலோ உடனே தோன்றுவதில்லை. அபாயம் சத்தமில்லாமல் வளர்ந்து, ஒருநாள் பாரிசவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ வந்து நிற்கும்.

இது ஒருவர் கதையன்று. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோருள் ஏறத்தாழ 6 பேரில் ஒருவருக்கு இனிப்புநீர் இருக்கிறது. ஏறத்தாழ 3 பேரில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது. கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் பகுதிகளில் நமது வீடுகளை எண்ணிப் பார்த்தால், மாத்திரைப் பை தொங்காத வீடு எத்தனை என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

அன்று மாலையே நிர்வாகிகள் கூடினோம். சதக்கா நிதியிலிருந்து மாதந்தோறும் அவருக்கு மருந்துச் செலவைக் கொடுத்துவிடலாம் என்று பெரும்பாலோர் சொன்னோம். ஒருவர் மட்டும் எழுந்து, "கொடுப்பது நன்மைதான். ஆனால் எந்த மருந்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ளாமல் கொடுப்பது, சமுதாயம் நம்மிடம் ஒப்படைத்த அமானிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு செலவிடுவதாகாதா?" என்று கேட்டார். முதலில் அந்தக் கேள்வி நமக்குச் சற்றுக் கசந்தது. துயரில் இருப்பவருக்கு உதவுமிடத்தில் கணக்குப் பேசுகிறாரே என்று தோன்றியது. ஆனால் விசாரித்துப் பார்த்தபின் அவர் கேட்டதே சரி என்று கண்டோம். பெரியவர் வாங்கிய மூன்று மருந்துகளும், அவற்றை முதன்முதலில் வெளியிட்ட கம்பெனிகளின் வணிகப் பெயர் தாங்கியவை. அதே மூன்று மருந்துகள் பொதுப்பெயரில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அரசாங்க கிளினிக்கிலோ குடிமக்களுக்குச் சீட்டுக்கான 1 வெள்ளியோடு சேர்த்தே கொடுக்கப்படுகின்றன. பெரியவருக்கு இது தெரியாது. அவருக்கு உதவ முன்வந்த நமக்கும் தெரியாது!

எனவே முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம்.

ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, மருந்துச் சத்தின் சொந்தப் பெயர். மற்றொன்று, அதை விற்கும் கம்பெனி சூட்டிய வணிகப் பெயர். உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் மருந்துச் சத்துகளுக்கு உலகெங்கும் செல்லத்தக்க பொதுப்பெயர்களை வகுத்து வெளியிட்டு வருகிறது. இனிப்புநீருக்குரிய மெட்ஃபார்மின், இரத்தக் கொதிப்புக்குரிய அம்லோடிபின், கொழுப்புக்குரிய அட்டோர்வாஸ்டாட்டின் என்பன இத்தகைய பெயர்கள். மெட்ஃபார்மினை எடுத்துக்கொண்டால், ஜான் ஸ்டெர்ன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் அதை மனிதரிடம் பயன்படுத்திக் கண்ட பலனை 1957-ல் வெளியிட்டார். அதன் மேல் இன்று எவரும் தனியுரிமை கொண்டாட முடியாது. எந்தக் கம்பெனியும் உரிய தரத்தில் அதைச் செய்து விற்கலாம். அவ்வாறு பலர் செய்வதையே ஜெனரிக் என்று வழங்குகிறார்கள்.

புதிய மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனிக்குக் காப்புரிமை உண்டு. விண்ணப்பம் செய்த நாளிலிருந்து 20 ஆண்டு வரை அதைப் பிறர் செய்யக்கூடாது. அக்காலத்தில் விற்பவர் ஒருவரே ஆதலால் அவர் சொன்னதே விலை. காலம் முடிந்ததும் பலர் செய்யத் தொடங்குகின்றனர். போட்டியால் விலை இறங்குகிறது. ஆராய்ச்சிச் செலவும் விளம்பரச் செலவும் பின்வந்தவர்களுக்கு இல்லாமையால் அவர்களால் மலிவாகவும் விற்க முடிகிறது. ஆகவே விலை குறைந்ததற்குக் காரணம் சரக்கு மட்டமாக இருப்பதன்று.

ஆயினும் நம் மக்கள் மனத்தில் ஓர் ஐயம் ஊறிப்போயிருக்கிறது. காசு அதிகம் என்றால் குணமும் அதிகம். அரசாங்க மருந்து ஏழைக்கு ஒப்புக்குக் கொடுப்பது. தனியார் டாக்டர் கொடுப்பதே மெய்யான மருந்து என்று நினைப்போர் பலர். இந்த ஐயத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. கலப்படச் சரக்கால் ஏமாந்தவர்களின் அனுபவத்திலிருந்து பிறந்த ஐயம் அது. மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, அதை மேலே வைக்காமல் மறைத்தது ஏன் என்று விற்பவரைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். பிற்காலத்தில் முஸ்லிம் நகரங்களில் முஹ்தசிப் என்னும் அதிகாரி எடையையும் அளவையும் மட்டுமின்றி, மருந்து விற்போரின் சரக்குகளையும் சோதித்து வந்தார். குவியலின் மேற்புறத்தைப் பார்த்து நம்பிவிடவும் கூடாது. பாராமலே அவநம்பிக்கை கொள்ளவும் கூடாது. கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

இன்று அந்தக் கை எது? இந்நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்யும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரக் குழு 1984-ஆம் ஆண்டின் விதிகளின் கீழ் அமைந்தது. பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் அதற்காகச் சோதனைகளை நடத்துகிறது. பொதுப்பெயர் மாத்திரைகளுக்குப் பொதுவாக ஒரு சோதனை உண்டு. உடல்நலம் உள்ள தொண்டர்களுக்கு முதல் மருந்தையும் புதிய மருந்தையும் வெவ்வேறு வேளையில் கொடுத்து, இரத்தத்தில் எவ்வளவு சத்து, எவ்வளவு விரைவில் சேர்கிறது என்று அளந்து ஒப்பிடுகிறார்கள். ஒப்பீட்டின் விகிதம், கணக்கில் நேரக்கூடிய பிழையின் வரம்பையும் சேர்த்து, 80 முதல் 125 விழுக்காட்டுக்குள் முழுவதும் அடங்க வேண்டும். மாத்திரையில் 20 விழுக்காடு சத்துக் குறையலாம் என்று சிலர் இதற்குப் பொருள் கொள்கின்றனர்; அது தவறு. பிழை வரம்பின் இரு முனைகளும் உள்ளே அடங்க வேண்டுமானால், நடுவிலுள்ள உண்மை அளவு முதல் மருந்தை வெகுவாக நெருங்கியே இருந்தாக வேண்டும்.

தேறிய மருந்தின் பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவெண்ணும், ஒளிபட்டால் நிறம் மாறும் பாதுகாப்பு வில்லையும் இருக்கும். அவை இல்லாமல் பசார் மாலாமிலும் கைப்பையிலும் விற்கப்படும் மூட்டுவலி மருந்துகளும் சர்க்கரைக் கஷாயங்களும் மலிவாக இருக்கலாம். ஆனால் அவை நாம் பேசும் வகையைச் சேர்ந்தவை அல்ல. அத்தகைய பதிவற்ற சரக்குகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தமை இந்நாட்டில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. பெயர் பெற்றதெல்லாம் உயர்ந்தது என்பது எவ்வளவு தவறோ, மலிவானதெல்லாம் நல்லது என்பதும் அவ்வளவு தவறே.

இனி நியாயத்துக்கு வருவோம். கண்டுபிடித்தவர் அதிக விலை வைப்பது அநீதியா?

நாம் வணிகர் மரபில் வந்தவர்கள். தோட்டத்துக் கடைகளில் பற்றெழுதி, சம்பள நாள் வரை பொறுத்திருந்து வாழ்ந்த தலைமுறையின் பிள்ளைகள். கொள்முதல் என்ன, அடக்க விலை என்ன, இலாபம் இல்லாமல் கடை நில்லாது என்பதையெல்லாம் பிறர் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இலாபத்தை இஸ்லாம் ஹலாலாக்கியிருக்கிறது. கண்டுபிடிப்பு என்பதும் உழைப்பின் பயனே. இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த பிக்ஹு அறிஞர் பேரவை 1988-ல் குவைத்தில் கூடியபோது, வணிகப் பெயர், நூலுரிமை, கண்டுபிடிப்புரிமை ஆகியவற்றை ஷரீஅத் காக்கும் உரிமைகளாகவே ஏற்றுக்கொண்டது. ஆகவே காப்புரிமையை வெறும் கொள்ளை என்று ஒரு சொல்லில் தள்ளிவிட நமக்கு அதிகாரமில்லை.

விலை கட்டுவதைப் பற்றியும் நமது மார்க்கத்தில் எளிதில் தாண்டிச் செல்ல முடியாத ஒரு செய்தி உண்டு. மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது, விலையை நிர்ணயித்துத் தரும்படி தோழர்கள் வேண்டினர். நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. எவருடைய பொருளுக்கும் தாம் அநீதி இழைத்தவராக இறைவனைச் சந்திக்க விரும்பாமையே காரணம். அப்படியிருக்க, மருந்தின் விலையைக் குறைக்க வேண்டுமென்று நாம் கேட்பது எப்படி?

இதற்கு விடை அதே மார்க்கத்தில் இருக்கிறது. மழை பொய்த்தோ வரத்துக் குறைந்தோ விலை தானே ஏறுவது ஒன்று; மக்களுக்கு இன்றியமையாத பொருளை ஒருவர் தம் கைக்குள் அடக்கிக்கொண்டு விலையை ஏற்றுவது வேறொன்று. பின்னதை இஹ்திகார் என்று பெயரிட்டு நபிமொழிகள் கடுமையாக விலக்கியிருக்கின்றன. 1328-ல் காலமான இமாம் இப்னு தைமிய்யா, ஹிஸ்பா பற்றிய தமது நூலில் இவ்வேறுபாட்டை விளக்கி, மக்களுக்குத் தேவையானதை விற்போர் நியாய விலைக்குக் கொடுக்க மறுக்கும்போது ஆட்சியாளர் தலையிடலாம் என்று வாதிட்டார். பட்டுத் துணி விலையேறினால் பருத்தி உடுத்தலாம். இரத்தக் கொதிப்பு மருந்து விலையேறினால் அதற்குப் பதிலாக எதை உண்பது? விலை அதிகம் என்று விலகிச் செல்ல நோயாளிக்கு இயலாது. அவனால் பேரம் பேசவும் இயலாது. இந்த இடத்தில் சந்தையின் சாதாரண நியாயம் போதாமற் போகிறது.

ரூமாக் கிணற்றின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். முஹாஜிர்கள் மதீனா சேர்ந்தபோது அவ்வூரில் நல்ல தண்ணீர் அரிது. ரூமா என்ற கிணற்றின் நீர் இனிமையானது; அதன் சொந்தக்காரர் தண்ணீரை விலைக்கு விற்றார். ஏழைகள் வாட்டமுற்றனர். அக்கிணற்றை வாங்கி மக்களுக்கு ஆக்குபவருக்குச் சுவனத்தில் நற்பேறு உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவிக்க, ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் முன்வந்தார்கள். முதலில் பாதியை வாங்கினார்கள் என்றும், ஒருநாள் அவருக்கு, ஒருநாள் இவருக்கு என்று முறை வகுத்தார்கள் என்றும், உஸ்மான் (ரலி) அவர்களின் நாளில் மக்கள் இரண்டு நாளைக்கு வேண்டிய நீரை இலவசமாக மொண்டு கொண்டதால் மறுநாள் வியாபாரம் இல்லாமற்போய், சொந்தக்காரர் மீதிப் பாதியையும் விற்றுவிட்டார் என்றும் அறிவிப்புகள் உண்டு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கிணறு பறிக்கப்படவில்லை, விலை கொடுத்தே வாங்கப்பட்டது. ஆனால் ஓர் ஊரின் தாகம் ஒருவர் பெட்டியிலேயே என்றென்றும் அடைபட்டுக் கிடக்கவும் விடப்படவில்லை. உரியவருக்கு உரியதும், தாகித்தவருக்குத் தண்ணீரும் கிடைத்தன. மருந்து விஷயத்திலும் நாம் நாடுவது இந்த வழியையே.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்குச் சில உண்மைகளை எடுத்துக் காட்டுவோம்.

இன்சுலினைக் கண்டுபிடித்த பான்டிங்கின் குழுவினர் 1923-ல் அதன் காப்புரிமையைத் தலைக்கு 1 டாலருக்கு டொரான்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். மலேரியா காலத்தில் இதே தோட்டங்களில் காலைப் பெரட்டில் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்திக் குயினின் புகட்டியதைப் பற்றி நமது முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் குயினின் அரிதாக இருந்த காலத்தில், இந்திய அரசாங்கம் 1860 முதல் நீலகிரியில் சின்கோனா மரங்களை நட்டு, நடுவட்டத்தில் ஆலை வைத்துத் தானே மருந்து செய்தது; வங்காளத்தில் 1892 முதல் தபாலாபீசுகளில் ஒரு பைசாப் பொட்டலமாக விற்றது. ஆளவந்த அந்நியர்கூட உயிர்காக்கும் மருந்தின் விலையை முற்றிலும் வியாபாரிகளிடமே விட்டுவிடவில்லை.

இலங்கையில் பேராசிரியர் சேனக பிபிலே அவர்களின் முயற்சியால் 1971-ல் அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனம் ஏற்பட்டு, மருந்துகளைப் பொதுப்பெயரில் மொத்தமாகக் கொள்முதல் செய்யும் வழி காட்டப்பட்டது. தமிழ்நாட்டில் 1994-ல் அமைந்த மருத்துவப் பணிகள் கழகம், அரசாங்க ஆஸ்பத்திரிகள் அனைத்துக்கும் பொதுப்பெயரில் ஒரே இடத்திலிருந்து டெண்டர் மூலம் வாங்கி, சோதித்து, விநியோகித்து வருகிறது. மொத்தமாக வாங்குபவனுக்கு விலை இறங்கும் என்பது கடைக்காரருக்குத் தெரிந்த பழைய சூத்திரமே.

பம்பாயில் குவாஜா அப்துல் ஹமீது என்ற முஸ்லிம் அறிஞர் 1935-ல் தொடங்கிய கம்பெனிதான் சிப்லா. எய்ட்ஸ் நோய்க்குரிய மூன்று மருந்துக் கூட்டு மேல்நாட்டில் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தபோது, அவருடைய மகன் யூசுப் ஹமீது 2001-ல் அதை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்து உலகையே திரும்பிப் பார்க்கச் செய்தார். அதே 2001 நவம்பரில், தோஹாவில் கூடிய உலக வணிக அமைப்பின் நாடுகள், மக்கள் சுகாதாரத்தைக் காக்கும்பொருட்டுக் காப்புரிமையை மீறி அனுமதி வழங்க அரசுகளுக்கு அதிகாரம் உண்டு என்று உறுதி செய்தன.

அந்த அதிகாரத்தை ஆசியாவில் முதலில் எடுத்தாண்ட நாடுகளுள் நமது மலேசியா ஒன்று. 1983-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் உள்ள வழியைக் கொண்டு, 2003 நவம்பர் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு எய்ட்ஸ் மருந்துகளைச் சிப்லாவிடமிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு வரவழைக்க அனுமதி வழங்கப்பட்டது. ஹெப்பட்டைட்டிஸ் சி என்னும் ஈரல் நோயைத் தீர்க்கும் சோஃபோஸ்புவிர் 2013-ல் அமெரிக்காவில் வெளிவந்தபோது 12 வாரச் சிகிச்சைக்கு விலை 84,000 டாலர். ஒரு மாத்திரை 1,000 டாலர்! மலேசிய அரசாங்கம் 2017 செப்டம்பரில் அதே சட்ட வழியைப் பயன்படுத்தி, பொதுப்பெயர் மருந்துக்கு வாசலைத் திறந்தது. 2018 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அச்சிகிச்சை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிற்று. எகிப்தின் ஃபார்கோ கம்பெனியோ, அம்மருந்தை ரவிதாஸ்விருடன் சேர்த்து 12 வாரத்துக்கு 300 டாலருக்கு மேற்படாமல் தர 2016-ல் உடன்பட்டது. 84,000 எங்கே, 300 எங்கே! இரண்டுக்கும் இடையில் இருந்தது மருந்தின் அடக்க விலையன்று என்பதை நாம் விளக்க வேண்டுமா?

இவையெல்லாம் தானே நடந்தவை அல்ல. கேட்டவர்கள் இருந்தார்கள், ஆதலால் நடந்தன. நமது சமுதாயத்தவரான எஸ். எம். முகம்மது இத்ரிஸ் அவர்கள் 2019-ல் காலமாகும் வரை பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் வாயிலாகப் பல பத்தாண்டுகள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்ததை நாம் நன்றியோடு நினைக்கிறோம். வாங்குபவன் கேட்பது அவமானமன்று, அது அவன் கடமை என்று இந்நாட்டு எளிய மக்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

அப்படியானால் நாம் கேட்க வேண்டியவை யாவை? 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக்கடைகளும் மருந்துகளின் விலையை வாடிக்கையாளர் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். அதைப் பார்க்க வேண்டும். "டாக்டர், இதே மருந்து பொதுப்பெயரில் இருக்கிறதா? எனக்கு அது பொருந்துமா?" என்று மரியாதையோடு வினவ வேண்டும். மருந்தைக் கிளினிக்கிலேயே வாங்கியாக வேண்டும் என்பதில்லை. சீட்டை எழுதிப் பெற்று மருந்துக்கடையில் வாங்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. டாக்டர்களுள் பெரும்பாலோர் நோயாளியின் நலனை நாடுபவர்களே, கேட்டால் சொல்வார்கள். நாம்தான் படித்தவர் முன்னிலையில் வாய் திறக்கக் கூசுகிறோம்.

அரசாங்க கிளினிக்கை இழிவாக எண்ணும் மனப்பான்மையை விட வேண்டும். அது பிச்சையன்று, நமது வரிப்பணத்தில் நடப்பது. தோட்டத்து உட்புறங்களில் வாழ்வோருக்கு 1 வெள்ளிச் சீட்டைவிட, போகவரக் கார் கூலியும் ஒருநாள் சம்பள இழப்புமே பெரிய செலவு என்பதை நாம் அறிவோம். முன்பு தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரெஸரும் லயத்துக்கு அருகிலேயே இருந்த காலம் போய்விட்டது. ஆனால் நெடுநாள் மருந்து உண்போர், முதல் மாதத்துக்குப் பின் மீதி மருந்தை வீட்டுக்கு அருகிலுள்ள வேறு அரசாங்க கிளினிக்கில் பெறவோ தபாலில் வரவழைக்கவோ சுகாதார அமைச்சு வழி செய்திருக்கிறது. மருந்து கொடுக்கும் சன்னலில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். அரசாங்கக் கொள்முதல் மாறும்போது மாத்திரையின் நிறமும் உருவமும் பெட்டியின் பெயரும் மாறலாம். புதிய மருந்து என்று எண்ணிப் பழையதையும் புதியதையும் சேர்த்து உண்பது பேராபத்து; பொதுப்பெயரைப் படித்துப் பார்க்கப் பிள்ளைகள் உதவ வேண்டும். இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின், வலிப்புக்குரிய ஃபெனிட்டோயின், தைராய்டு மருந்து போன்றவற்றில் சிறு மாற்றமும் பாதிக்கக்கூடும் ஆதலால், டாக்டரைக் கேளாமல் ஒரு கம்பெனியிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாகாது. கூட்டு மருந்தின் உறை பன்றியிலிருந்து பெற்ற பொருளால் ஆனதோ என்ற ஐயம் நம்மவர்க்கு எழுவது இயல்பு. சத்து ஒன்றாயினும் உறையும் சேர்மானமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடலாம். மருந்துகளுக்கான ஹலால் தர விதி, எம்.எஸ். 2424 என்னும் எண்ணில், இந்நாட்டில் வகுக்கப்பட்டிருக்கிறது. ஐயமிருந்தால் மருந்தாளரைக் கேட்டு, உறையில்லாத மாத்திரையாகப் பெறலாம். ஐயத்தின் பேரில் மருந்தையே நிறுத்திவிடுவது அறிவுடைமையன்று.

இன்னும் ஒன்று. நம் தோட்டங்களில் இன்று பால்மரத்திலும் செம்பனையிலும் பாடுபடுவோருள் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் அதிகம். தொழுகையில் நம் தோளோடு தோள் நிற்பவர்கள் அவர்கள். அயல்நாட்டவர்க்கு அரசாங்க கிளினிக்கில் இந்த 1 வெள்ளிச் சலுகை இல்லை; மருந்தைப் பெரும்பாலும் தம் கைக்காசில்தான் வாங்க வேண்டும். பொதுப்பெயர் மருந்தைப் பற்றிய அறிவு நம்மைவிட அவர்களுக்கே அதிகம் தேவை. ஸஃப்பில் இடம் கொடுத்துவிட்டு, சலாம் கொடுத்தபின் மறந்துவிடுவது சகோதரத்துவம் ஆகாது.

நமது பெரியவர் விஷயம் என்னவாயிற்று என்று வாசகர் கேட்கலாம். நம் இளைஞர் ஒருவர் அவரை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துச் சென்றார். டாக்டர் சோதித்துவிட்டு, மூன்று மருந்துகளையும் பொதுப்பெயரில் எழுதிக் கொடுத்தார். ஒருநாளும் விடாமல் உண்ண வேண்டுமென்று கண்டிப்பாகவும் சொல்லி அனுப்பினார். இப்போது சங்கம் அவருக்குக் கொடுப்பது கார் கூலி மட்டுமே. மிச்சமான நிதியில் வேறு சிலருக்கும் உதவ முடிகிறது. பெரியவர் சொன்னது ஒன்றுதான்: "பணம் இல்லாதது எனக்குத் தெரியும் தம்பி. தெரியாமல் இருந்தது வேறு."

ஈகை சிறந்ததே. ஆனால் அறிவில்லாத ஈகை, விலை வைத்தவர் பெட்டிக்கே போய்ச் சேர்ந்துவிடக் கூடும் என்பதை அன்று கற்றுக்கொண்டோம். உஸ்மான் (ரலி) அவர்கள் தாகித்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு குடம் தண்ணீர் விலைக்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கலாம், அதுவும் தர்மமே. அவர்களோ கிணற்றை வாங்கினார்கள். கிணற்றை வாங்கும் ஆற்றல் நமது சிறிய சங்கத்துக்கு இல்லை. கிணறு எங்கே திறந்திருக்கிறது என்று பிறருக்குக் காட்டும் ஆற்றல் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆகவே இந்த வாரமே உங்கள் வீட்டு மாத்திரைப் பையைத் திறந்து, ஒவ்வொரு மருந்தின் பொதுப்பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை டாக்டரைக் காணும்போது அத்தாளைக் கையில் கொண்டு போங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் ஷிஃபாவை அருள்வானாக! அவன் அருளிய மருந்துக்கும் அவன் அடியார்க்கும் நடுவே நிற்கும் தடைகளை நீக்கும் நற்பணியில் நம்மையும் பங்குகொள்ளச் செய்வானாக! ஆமீன்.